அக்கித்தேன் டச்சியின் வரலாற்றைப் பிழையில்லாமல் எழுதும் முறை

“1154இல் அக்கித்தேன் இங்கிலாந்துக்குச் சொந்தமானது, 1453இல் பிரான்ஸ் அதை மீட்டுக்கொண்டது.” அறிமுகக் கட்டுரைகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். இதில் மூன்று பிழைகள் உள்ளன. பிரான்சின் தென்மேற்கில் இருந்த இந்த டச்சி (டியூக் ஆண்ட நிலம்) கைமாறிய ஆண்டு 1154 அல்ல. அதன் வாரிசான எலினோர் ஹென்றி பிளாண்டாஜெனட்டை மணந்தது 1152 மே 18 அன்று; ஹென்றி இங்கிலாந்து மன்னராக முடிசூடியது 1154 டிசம்பர் 19 அன்றுதான். அடுத்து, டச்சி இங்கிலாந்து என்ற நாட்டுக்குப் போகவில்லை. மனைவி வழியாக ஒரு மனிதருக்கு, பிரெஞ்சு மன்னருக்கு உட்பட்ட மானியமாக (மேலரசருக்குக் கட்டுப்பட்டு வைத்திருக்கும் நிலமாக) வந்தது. கடைசியாக, 1453இல் வீழ்ந்தது எலினோர் கொண்டுவந்த பெருநிலம் அல்ல. அதில் எஞ்சியிருந்த போர்தோவும் சுற்றுவட்டாரமும்தான், அதுவும் மூன்றே ஆண்டுகளுக்குள் இரண்டாம் முறையாக.

மூன்று பிழைக்கும் வேர் ஒன்றுதான். நிலம் யார் கையில் இருந்தது என்பதும், எந்தப் பாத்தியதையில் இருந்தது என்பதும் வேறு வேறு கேள்விகள். அவற்றைக் கலந்தால் இந்த வரலாறு வெறும் போர்ப் பட்டியலாகிவிடும். பிரித்து எழுதினால், ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஏன் இந்தப் பூசல் ஓயவே இல்லை என்பது தானாகப் புரியும்.

பெயரையும் எல்லையையும் முதலில் கட்டுங்கள்

அக்கித்தேன், கஸ்கோனி, கியென் என்ற மூன்று பெயர்களும் ஆவணங்களில் மாறி மாறி வரும். 1137இல் எலினோருக்கு வந்த அக்கித்தேன், வடக்கே புவாத்துவிலிருந்து தெற்கே பிரனீஸ் மலையடிவாரம் வரை பரந்தது. கஸ்கோனி அதன் தெற்குப் பகுதி. கரோன் ஆற்றுக்குத் தெற்கே உள்ள நாடு. கியென் என்பது 13ஆம் நூற்றாண்டிலிருந்து, இங்கிலாந்து மன்னரிடம் மிஞ்சிய பகுதியைக் குறிக்கப் பெரும்பாலும் பயன்பட்ட பெயர். கட்டுரையின் முதல் பத்தியிலேயே எந்தப் பெயரை எந்தப் பொருளில் எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அதோடு நிற்காமல், 12 ஊர்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் தனியாகப் பின்தொடருங்கள்: புவாத்தியே, லா ரோஷெல், சேந்த், லிமோஜ், பெரிகோ, காவோர், அஜென், பெர்ஜெராக், லா ரெயோல், போர்தோ, டாக்ஸ், பயோன். “டச்சி விழுந்தது” என்று எழுதக் கை போகும்போதெல்லாம் இவற்றில் எந்த ஊர் விழுந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1204இல் புவாத்தியே போயிற்று. லா ரோஷெல் 1224 வரை தாக்குப்பிடித்தது. போர்தோவும் பயோனும் அதற்குப் பின்னும் 200 ஆண்டுகளுக்கு மேல் நின்றன. “ஜான் மன்னர் எல்லாவற்றையும் இழந்தார்” என்ற வாக்கியம் இந்தப் பட்டியலின் முன் ஒரு நிமிடம்கூட நிற்காது.

நான்கு பத்திப் பேரேடு

வேலையின் முதுகெலும்பு இதுதான். ஒரு பெரிய தாளில் அல்லது விரிதாளில் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்: நாள், யார் கைவசம், என்ன பாத்தியதை, வழக்கு மேல்முறையீடாக எங்கே போகும். நான்காவது பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த வரலாற்றை ஓட்டியதே அதுதான்.

1152ஐ முதலில் நிரப்பிப் பாருங்கள். எலினோரின் முதல் மணம் மார்ச் 21 அன்று போஜன்சியில் ரத்தானது. டச்சி அவர் பிறப்புரிமை, ஆகவே அவரோடு போயிற்று. ஆனால் முன்னாள் கணவரான பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயி அக்கித்தேன் டியூக் என்ற பட்டத்தை 1154 வரை விடவில்லை. கைவசம் ஒருவரிடம், பட்டம் இருவரிடம். அடுத்து 1199: மகன் ரிச்சர்ட் இறந்ததும் எலினோர் தாமே தூர் நகருக்குச் சென்று பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு ஹோமேஜ் செய்தார். மானியம் பெற்றவர் மேலரசர் முன் மண்டியிட்டு, ‘உமது ஆள்’ என்று ஒப்புக்கொள்ளும் சடங்கு அது. இந்த ஒரு பதிவு இல்லாவிட்டால் 1202இல் அவருடைய இன்னொரு மகனும் இங்கிலாந்து மன்னருமான ஜானின் நிலங்களைப் பறிமுதல் செய்த தீர்ப்பு அக்கித்தேனில் ஏன் சிக்கலானது என்பது விளங்காது. டச்சி அப்போதும் தாயின் பெயரில் இருந்தது. அவர் 1204 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டில் பிலிப் புவாத்தியேவுக்குள் நுழைந்தார்.

1259ஆம் ஆண்டு வரிக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். பாரிஸ் உடன்படிக்கையில் மூன்றாம் ஹென்றி நார்மண்டி, ஆஞ்சு, மேன், தூரேன், புவாத்து ஆகியவற்றின் மீதான உரிமையைக் கைவிட்டார். கையில் இருந்த கஸ்கோனிக்காக டிசம்பர் 4 அன்று ஒன்பதாம் லூயிக்கு ஹோமேஜ் செய்தார். இங்கிலாந்தில் யாருக்கும் கீழ்ப்படாத மன்னர், போர்தோவில் இன்னொரு மன்னரின் மானியதாரர் ஆனார். இங்கே நான்காவது பத்தி உயிர்பெறுகிறது. கஸ்கோனியில் டியூக்கின் ஆட்சித் தலைவரான செனஷலின் நீதிமன்றத்தில் தோற்ற எவரும் பாரிஸ் பார்லமோனுக்கு மேல்முறையீடு செய்யலாம். வழக்கு நிலுவையில் உள்ளவரை அவர் பிரெஞ்சு மன்னரின் பாதுகாப்பில் இருப்பார். டியூக் அவரைத் தொட முடியாது. ஓர் அதிருப்தியுற்ற பிரபு, ஒரு விண்ணப்பம், அவ்வளவு போதும், டியூக்கின் ஆட்சியை முடக்க. பிரெஞ்சு மன்னர் படை திரட்ட வேண்டியதே இல்லை.

அலுவல் பெயர்களில் இரண்டு வழுக்கல்கள் உண்டு. பார்லமோன் என்பது அக்காலப் பாரிஸில் நீதிமன்றம். நாடாளுமன்றம் என்று எழுதினால் மேல்முறையீட்டுக் கதையே குலைந்துபோகும். போர்தோ கான்ஸ்டபிள் படைத்தலைவர் அல்லர், டச்சியின் கருவூல அதிகாரி. ஆட்சித் தலைமை செனஷலிடம்.

1259க்குப் பிறகு, நூறாண்டுப் போரின் தொடக்கம் வரை பறிமுதல்கள் மூன்று: 1294, 1324, 1337. மூன்றையும் ஒரே மாதிரி எழுதாதீர்கள். 1294இல் கோட்டைகள் போரில் பிடிபடவில்லை. முதலாம் எட்வர்டின் தம்பி எட்மண்ட் செய்த சமரசத்தின்படி, 40 நாளில் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவையே ஒப்படைக்கப்பட்டன. பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் திருப்பித் தரவில்லை. அழைப்பாணைக்கு வரவில்லை என்று சொல்லி டச்சியைப் பறிமுதல் செய்தார். 1303 உடன்படிக்கையில்தான் அது திரும்பியது. 1324ஆம் ஆண்டுப் போருக்குப் பொறி சேன்-சார்தோ என்ற சிற்றூர். பிரெஞ்சு மன்னரின் பெயரில் அங்கே புதிய ஊர் அமைக்க வந்த அதிகாரி 1323 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். 1337 மே 24 பறிமுதலை நூறாண்டுப் போரின் தொடக்கமாக எழுதுவது வழக்கம், அது சரியே. ஆனால் பேரேட்டைப் பார்த்தால், பழைய கருவியைப் பிரெஞ்சு அரசு மூன்றாம் முறை எடுத்திருக்கிறது என்பதும் தெரியும்.

உடன்படிக்கையில் நிறைவேறாத ஷரத்தைத் தேடுங்கள்

எந்த உடன்படிக்கையையும் மூன்று தேதிகளோடு பதியுங்கள்: கையெழுத்து, உறுதிப்பாடு, நடைமுறை. 1360தான் இதற்குச் சிறந்த பாடம். பிரெத்தின்யியில் மே 8 அன்று ஒப்புக்கொண்டபடி அக்கித்தேன் பெரிதாக்கப்பட்டு, முழு இறையாண்மையோடு மூன்றாம் எட்வர்டுக்கு வர வேண்டும். சிறைப்பட்டிருந்த பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானின் மீட்புத்தொகை 30 லட்சம் எகூ (பொன் நாணயம்). கலேயில் அக்டோபர் 24 அன்று உறுதிசெய்தபோது, பரஸ்பரத் துறப்பு ஷரத்துகள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டுத் தனி ஆவணமாயின. எட்வர்ட் பிரெஞ்சு முடியுரிமையையும், ஜான் அக்கித்தேன் மீதான மேலாண்மையையும் துறக்கும் அந்த ஆவணங்கள் 1361 நவம்பர் 30க்குள் புரூஜ் நகரில் கைமாற வேண்டும். அவை கைமாறவே இல்லை.

எனவே “1360இல் அக்கித்தேன் இறையாண்மை பெற்றது” என்பது பாதி உண்மை. நிலம் வந்தது, 1362இல் அது பிரின்சிபாலிட்டியாக (இளவரசர் ஆளும் நிலமாக) எட்வர்டின் மூத்த மகனுக்கு, கறுப்பு இளவரசருக்குத் தரப்பட்டது. மேல்முறையீட்டுப் பத்தி மட்டும் சட்டப்படி திறந்தே கிடந்தது. 1368இல் அவர் அடுப்பு ஒன்றுக்கு 10 சூ (சிறு நாணயம்) வீதம் 5 ஆண்டு வரி விதித்தபோது, ஆர்மன்யாக் கோமானும் ஆல்பிரே பிரபுவும் பாரிஸுக்கு மேல்முறையீடு செய்தார்கள். பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்ல்ஸ் அதை ஏற்றார். 1369இல் மீண்டும் போர். காரணம் வரி என்று மட்டும் எழுதினால் போதாது. எட்டு ஆண்டுகளாகக் கைமாறாத இரண்டு ஆவணங்களே அந்த முறையீட்டுக்கு வழிவிட்டன.

தேதியை மாற்றும்போது

இங்கிலாந்து அரசாவணங்கள் ஆட்சியாண்டில் தேதியிடப்படும். மூன்றாம் எட்வர்டின் ஆண்டு ஜனவரி 25 அன்று தொடங்கும். அவரது 14ஆம் ஆண்டு என்பது 1340 ஜனவரி 25 முதல் 1341 ஜனவரி 24 வரை. 1340இலிருந்து ‘இங்கிலாந்தில் 14ஆம் ஆண்டு, பிரான்சில் முதலாம் ஆண்டு’ என்று இரட்டைக் கணக்கு வரும். 1360க்கும் 1369க்கும் இடையில் பிரெஞ்சு பட்டத்தை அவர் பயன்படுத்தாததால் அந்த இரண்டாம் எண் இருக்காது. தேதி சந்தேகமான ஆவணத்தை இடம்காண இதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது அரிது. இங்கிலாந்தின் ஜான் மன்னரின் ஆட்சியாண்டு இயேசுவின் விண்ணேற்பு நாளில் தொடங்குகிறது. அது ஆண்டுதோறும் நகரும், ஆகவே ஆயத்த அட்டவணை இல்லாமல் மனக்கணக்கில் மாற்றாதீர்கள்.

பிரெஞ்சு அரச அலுவலகம் புத்தாண்டை ஈஸ்டரிலிருந்து கணக்கிட்டது. ‘1336 பிப்ரவரி 12’ என்று ஓலையில் இருந்தால் நம் கணக்கில் அது 1337. இதைக் கவனிக்காவிட்டால் விளைவு காரணத்துக்கு முன்பே நடந்ததாக எழுதிவிடுவீர்கள். மாற்றிய தேதியின் பக்கத்தில் மூலத் தேதியையும் எப்போதும் விட்டுவையுங்கள்.

வரைபடம்

ஒரு வரைபடம் போதாது. குறைந்தது மூன்று வேண்டும்: அஜெனே பகுதி திரும்பி வந்த 1279, மிகப் பெரிதாக விரிந்த 1362, போர்தோவையும் பயோனையும் ஒட்டிய கரையோரமாகச் சுருங்கிய 1440கள். முழு வண்ணம் பூசாதீர்கள். எல்லைக்கோடு என்று ஒன்று இருக்கவில்லை. கோட்டைகளும் ஊர்களும் ஒவ்வொன்றாக அணி மாறின. ஊர்களைப் புள்ளிகளாக வைத்து, கரோன், தோர்தோன், சாரான்த் ஆறுகளைத் தடிமனாக வரையுங்கள். படைகளும் சரக்கும் ஆற்று வழியே போயின.

கணக்குப் புத்தகம்

கஸ்கோன் சுருள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் சி 61 என்ற வரிசையில் இருக்கின்றன. 1317 முதல் 1468 வரையிலான சுருள்களுக்கு இணையப் பதிப்பும் உண்டு. இவை மன்னர் அனுப்பிய கட்டளைகளின் நகல்கள் என்பதை மறக்காதீர்கள். கட்டளை போனது என்பதற்குச் சான்று, நிறைவேறியது என்பதற்கு அல்ல. நிறைவேறியதா என்று அறியக் கான்ஸ்டபிளின் வரவுசெலவைப் பாருங்கள்.

டச்சியின் வருவாயில் மது ஏற்றுமதித் தீர்வைதான் பெரிது. 1308-09இல் ஏற்றுமதி 1 லட்சம் ‘தன்’ (பெரிய பீப்பாய் அளவு) என்பதைத் தாண்டியது. ஒரு தன் ஏறத்தாழ 900 லிட்டர். இந்த எண்ணை எடுக்கும்போது இரண்டு கவனம் தேவை. கணக்காண்டு செப்டம்பர் இறுதியில், அறுவடையோடு தொடங்குகிறது. அதனால் ஒரே எண் இரண்டு ஆண்டுகளில் விழும். இரண்டாவது, போர்தோ துறைமுகக் கணக்கில் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து மிதந்துவந்த மதுவும் சேரும். போர் மூண்டு அந்த மேற்பகுதி எதிரி கையில் போனால் எண் சரியும். அதைப் போர்தோ திராட்சைத் தோட்டங்களின் அழிவு என்று எழுதினால் தவறாகிவிடும். நாணயத்திலும் இதே எச்சரிக்கை. தூர் நாணயம், பாரிஸ் நாணயம், போர்தோ நாணயம், ஸ்டெர்லிங் என எல்லாமே பவுண்டுகள்தான். பாரிஸ் 4 என்றால் தூர் 5. மற்ற விகிதங்கள் காலத்துக்குக் காலம் மாறும். எந்த நாணயம் என்று எழுதாத தொகையை ஒப்பிட முடியாது.

இரண்டு அணி என்று எழுதாதீர்கள்

1356 புவாத்தியே போரில் கறுப்பு இளவரசரின் படையில் பெரும்பங்கு கஸ்கோனியர். பிரெஞ்சுப் படையின் பின்புறம் சுற்றிவந்து தாக்கியவர் கஸ்கோனியப் பிரபு ழான் தெ கிராய்யி. 1451 ஜூனில் போர்தோ சரணடைந்தது. அடுத்த ஆண்டு அந்நகரத்தாரே இங்கிலாந்திடம் தூது அனுப்ப, 1452 அக்டோபரில் ஆங்கிலேயப் படைத்தலைவர் டால்பட் உள்ளே வந்தார். ‘ஆங்கிலேய ஆக்கிரமிப்பு’, ‘விடுதலை’ ஆகிய சொற்கள் இந்த நிகழ்வுகளைத் தாங்காது. தொலைவில் இருந்த டியூக்கே மேல் என்று பலர் நினைத்ததற்குக் கண்முன்னே காரணம் இருந்தது: மதுவுக்குச் சந்தை, நகரங்களுக்குச் சலுகைகள், குறைந்த தலையீடு. கஸ்கோனியரை வேடிக்கை பார்த்தவர்களாக எழுதும் எந்த வரலாறும் அவர்களுக்கு அநியாயம் செய்கிறது.

எங்கே முடிப்பது

டால்பட் மாண்ட கஸ்தியோன் போர் 1453 ஜூலை 17. போர்தோ வீழ்ந்தது அக்டோபர் 19. போரோடு முடித்தால் அந்த மூன்று மாத முற்றுகை காணாமல் போகும், ஆகவே அக்டோபரைப் பிடியுங்கள். பேரேட்டை அங்கேயும் மூடாதீர்கள். போர்தோவுக்கென்று தனிப் பார்லமோன் 1462இல் வந்தபோதுதான் நான்காவது பத்தி மாறுகிறது. 1469இல் பதினோராம் லூயி கியெனைத் தம் தம்பி சார்ல்ஸுக்கு மானியமாகக் கொடுக்கிறார்; 1472இல் சார்ல்ஸ் இறந்ததும் அது அரசுக்கே திரும்புகிறது. பாத்தியதைப் பத்தியில் இன்னொரு வரி மிச்சம்: இங்கிலாந்தின் மன்னர்கள் பிரான்சின் மன்னர் என்ற பட்டத்தை 1801 வரை எழுதிவந்தார்கள். கைவசப் பத்தியில் அந்தக் காலம் முழுவதற்கும் அவர்கள் பெயரில் அக்கித்தேனின் ஓர் ஊரும் இருக்காது.