சட்டைத் தெறிக்குத் திறப்பு எதற்கு? பூட்டுதல், கட்டுதல், சேர்த்தல் பற்றிய ஆங்கிலப் பிழைகள்

தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தியதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய மாணவி ஒருத்தி, அவனுடைய சட்டைத் தெறிகளை 'லொக்' செய்ததாக எழுதியிருந்தாள். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆங்கிலேயர் ஒருவர் அதைப் படித்தால், அந்தச் சட்டைக்குத் திறப்பு எங்கே என்று தேடுவார். பிழைக்கு வேர் நம்முடைய 'பூட்டு' என்ற வினையில் இருக்கிறது. நாம் கதவையும் பூட்டுகிறோம், தெறியையும் பூட்டுகிறோம், வண்டிலில் மாட்டையும் பூட்டுகிறோம், விறாந்தையில் மின்விசிறியையும் பூட்டுகிறோம். ஆங்கிலத்திலோ இவை நான்கும் நான்கு வேலைகள்.

திறப்புப் போட்டால்தான் திறக்கும் என்ற நிலைக்கு மட்டுமே 'லொக்' பொருந்தும். தெறி, வார், இருக்கைப் பட்டி போன்று கையாலேயே மாட்டிக் கழற்றக்கூடியவற்றுக்கு 'ஃபாசன்' என்பதே சொல். எழுத்தில் நடுவே 'டி' இருந்தாலும் அது ஒலிப்பதில்லை. 'ஃபாஸ்டன்' என்று வாசிப்பது நம் வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கும் பிழை. மாட்டுக்கு 'யோக்', மின்விசிறிக்கு 'இன்ஸ்டோல்'. மின்விசிறியை 'ஃபிக்ஸ்' செய்ய ஆள் வேண்டும் என்று சொன்னால், பொருத்துவது என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்றாலும், அது பழுதாகிவிட்டது என்றே கேட்பவர் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்.

'கட்டு' இதைவிடப் பெரிய வலை. வீடு கட்டுதல், சேலை கட்டுதல், காசு கட்டுதல் ஆகியவற்றில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. 'டை', 'பைண்ட்' என்ற இரண்டுக்கும் இடையில்தான் தடுமாற்றம். கயிற்றில் முடிச்சுப் போட்டு ஒன்றை இன்னொன்றில் நிறுத்திவைப்பது 'டை'. சுற்றி வரிந்து இறுக்குவதோ, பலவற்றை ஒரே கட்டாக்குவதோ 'பைண்ட்'. பசுவைப் பூவரசில் கட்டினேன் என்பதற்கு 'பைண்ட்' என்று எழுதினால், பாவம், அந்தப் பசு நாலு காலும் வரியப்பட்டு மரத்தடியில் கிடப்பதாகத் தோன்றும். நெற்கதிர்களைக் கட்டாக்குவதற்கும் புத்தகம் கட்டுவதற்கும் அதே சொல் மிகப் பொருத்தமானது. அதன் இறந்தகாலம் 'பவுண்ட்'. 'பைண்டட்' என்று ஒரு வடிவம் கிடையாது.

வேலி அடைத்தலை எடுத்துக்கொள்வோம். கதியாலில் கிடுகைக் கயிற்றால் கட்டும் வேலைக்கு 'டை' சரி. ஆனால் 'அடைத்தல்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு வேலியை 'குளோஸ்' செய்தோம் என்று எழுதக்கூடாது. வளவைத்தான் வேலியால் 'என்குளோஸ்' செய்கிறோம். சுற்றி வளைத்து உள்ளே வைத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். அலுவலகக் கடிதங்களில் வரும் 'என்குளோஸ்' என்பதும் இதே சொல்தான் என்பதைக் கவனித்தால் 'அட்டாச்' என்பதோடு அதைக் குழப்ப வாய்ப்பில்லை. கடித உறைக்குள் கடிதத்தோடு வைத்து அனுப்பும் சான்றிதழ்ப் பிரதி 'என்குளோஸ்' செய்யப்பட்டது. கடிதத்தின் மூலையில் ஊசி குத்தியோ கிளிப் போட்டோ கோத்த பிரதி 'அட்டாச்' செய்யப்பட்டது. மின்னஞ்சலுக்கு உறை இல்லை, ஆகவே அங்கே 'அட்டாச்' என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. வேலைக்கான விண்ணப்பங்களில் இது மாறிக் கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

'ஜொயின்', 'கொனெக்ட்' இரண்டும் சில இடங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பவை. இரு மேசைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே மேசையாக்குவது 'ஜொயின்'. கணினியையும் அச்சுப்பொறியையும் கம்பியால் தொடுப்பது 'கொனெக்ட்'. இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன, இடையில் ஒரு வழி மட்டும் உண்டாகிறது. பண்ணைத் தாம்போதி யாழ்ப்பாண நகரத்தையும் வேலணையையும் இணைக்கிறது என்றோ, 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் குடாநாட்டைப் பூநகரியோடு இணைக்கிறது என்றோ எழுதும்போது 'ஜொயின்' முற்றிலும் பிழை என்று சொல்ல முடியாது, ஆயினும் 'கொனெக்ட்' அல்லது 'லிங்க்' இயல்பாக இருக்கும். வங்கியில் சேர்ந்தேன், கழகத்தில் சேர்ந்தேன் என்னும்போது பிழை வேறு விதமாக நுழைகிறது: தமிழின் 'இல்' உருபை 'இன்' ஆக்கி 'ஜொயின்' என்பதற்குப் பின்னால் நட்டுவிடுகிறோம். அந்த வினைக்கு அடுத்து நேரே வங்கியின் பெயர்தான் வரவேண்டும்.

'ஒட்டு' பற்றி இரண்டு எச்சரிக்கைகள் போதும். முத்திரையை ஒட்டுவது 'ஸ்டிக்'. கறுத்தக் கொழும்பான் மாவை ஒட்டுவது 'கிராஃப்ட்', ஒட்டுக் கன்றில் பசைக்கு இடமே இல்லை. இரும்பை ஒட்டும்போது இரு துண்டுகளின் விளிம்பும் உருகிக் கலந்தால் அது 'வெல்ட்'. செப்புக் கம்பிகளை ஈயத்தால் பிடிக்கவைக்கும்போது ஈயம் மட்டுமே உருகுகிறது, கம்பி உருகுவதில்லை, அது 'சோல்டர்'. வானொலி திருத்துபவரிடம் போய்க் கம்பியை 'வெல்ட்' செய்யச் சொன்னால் அவர் சிரித்துவிட்டு ஈயக்கோலைத்தான் எடுப்பார்.