டோக்கியோவில் மாகாணக் கடைகள்: பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்

வீடு கிடைத்துவிட்டது. 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரியும் பதிந்தாயிற்று. துவரம்பருப்பும் புளியும் டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இதற்குப் பிறகு பெரும்பாலான நம்மவர்கள் அந்த இந்தியக் கடையைத் தாண்டுவதே இல்லை. வருஷக்கணக்கில் இங்கே இருந்துவிட்டு, ஜப்பானில் நமக்குச் சாப்பிட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். உண்டு, நிறையவே உண்டு. கிடைக்கிற இடம்தான் வேறு.

ஜப்பானில் 47 மாகாணங்கள். அவற்றில் பல, தங்கள் ஊர் அரிசி, ஊறுகாய், பலகாரம், மசாலா எல்லாவற்றையும் தலைநகர்க்காரர்களுக்குக் காட்டி விற்க டோக்கியோவில் சொந்தமாகக் கடை வைத்திருக்கின்றன. ஆன்டெனா ஷாப் என்பார்கள். சூப்பர் மார்க்கெட் தட்டுகளுக்கு வந்தே சேராத சிறு ஊர்ச் சரக்கெல்லாம் அங்கே இருக்கும். நிஷி கசாயில் இருப்பவர்களுக்கு இது இன்னும் வசதி. தோசாய் லைன் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் நிஹோன்பாஷி. ஷிகா, நாகசாகி மாகாணக் கடைகள் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கின்றன. நிஹோன்பாஷி பாலத்தைத் தாண்டி முரோமாச்சி பக்கம் நடந்தால் மியே, தொயாமா. நிஹோன்பாஷி ஸ்டேஷனிலிருந்து கின்சா லைனில் இரண்டு ஸ்டேஷன் போனால் கின்சா. நாகானோ, ஹிரோஷிமா, கோச்சி கடைகள் அங்கே. யூராக்குச்சோ ஸ்டேஷனை ஒட்டியுள்ள கோட்சூ கைகான் கட்டடத்தில் ஹொக்கைடோ கடையும், அதன் கீழ்த்தளத்தில் வகாயாமா கடையும் இருக்கின்றன. மழை நாளில் குழந்தைகளோடு போக இந்தக் கட்டடம்தான் நல்லது.

காலை 10 மணி வாக்கில் திறந்து மாலை 7 மணி வாக்கில் மூடுவார்கள்; கடைக்குக் கடை மாறும். சில கடைகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் மேப்பில் ஒருமுறை பாருங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் சாப்பாட்டுப் பொருளுக்கு 8 சதவீத வரி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10. பைக்குக் காசு தனி, அதனால் துணிப்பை கொண்டுபோங்கள். நடைமுறை அவ்வளவுதான். இனி நான் சொல்ல வந்த விஷயம்.

என் நண்பன் ஒருவனின் அம்மா மாயவரத்திலிருந்து வந்திருந்தார். சுத்த சைவம். வெங்காயம் பூண்டு சேர்ப்பார், முட்டை வாசனை வந்தால் எழுந்துவிடுவார். ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மேல்மாடியில் ஒகினாவா மாகாணத்துப் பொருட்காட்சி நடந்தது. மாகாணக் கடைகளில் கிடைக்கிற அதே சரக்கைப் பத்து நாள், ஒரு வாரம் என்று கடைவிரிப்பார்கள். அங்கே சின்சுகோ என்ற பிஸ்கட் பெட்டி. விரல் நீளத்தில், கடித்தால் பொலபொலவென்று உதிரும். அட்டையில் கடலும் உப்பும் படம். நண்பன் விவரமானவன். கேட்காமல் வாங்கவில்லை. “இதில் நிகு (இறைச்சி) சேர்ந்திருக்கிறதா?” என்று ஜப்பானிய மொழியிலேயே கேட்டான். விற்ற பெண் சிரித்த முகத்தோடு “இல்லை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதில் இறைச்சி இல்லைதான்.

அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. காலைக் காப்பியோடு இரண்டு, சாயங்காலம் இரண்டு. ஊருக்குக் கொண்டுபோக இன்னொரு பெட்டி வேண்டும் என்றார். நண்பன் ஆபீஸுக்கும் ஒரு பெட்டி எடுத்துப்போனான். அங்கே ஒகினாவாக்காரர் ஒருவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, “எங்க ஊர்ப் பலகாரம்! கோதுமை மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, இந்த மூன்றில் செய்வது” என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் காலத்து முறை அதுதான். பன்றிக் கொழுப்புதான் அந்த உதிர்வுக்குக் காரணம்.

அம்மாவிடம் சொல்லாமல் விடலாமா என்று என்னைக் கேட்டான். சொல்லிவிடு என்றேன். சொன்னான். அவர் சத்தம் போடவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றி உட்கார்ந்தார். “தெரியாம நடந்ததுப்பா, விடு” என்றார். ஆனால் ஊர் திரும்பும் வரை கடையில் வாங்கிய எதையும் வாயில் வைக்கவில்லை, பழம் தவிர. மகனைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்த மனுஷி, கடைசி நாட்களை மோர்சாதத்தோடு கழித்தார். அந்த வீட்டுக்குப் போய்வந்த எனக்கே மனசு ஆறவில்லை. இதை எழுதக் காரணம் அதுதான்.

முதல் விஷயம், பச்சைப் புள்ளி, பழுப்புப் புள்ளி பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். எல்லாப் பொட்டலத்திலும் சைவமா அசைவமா என்று குறி போட வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. பின்பக்கம் சேர்மானப் பட்டியல் கட்டாயம் இருக்கும், எடையில் அதிகமானது முதலில் என்ற வரிசையில். அதைத்தான் படிக்க வேண்டும். முன் அட்டையை மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டுவது வீண். அங்கே ஊர்ப் பெருமை மட்டும்தான் எழுதியிருக்கும். பெட்டிக்குள் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருந்தால் சேர்மானம் வெளிப்பெட்டியில் மட்டுமே இருக்கலாம். பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டால் பிறகு படிக்க வழியில்லை. யாராவது ஆபீஸில் ஒற்றை உறையை நீட்டினால் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர்கள் தப்பாக நினைப்பதில்லை.

இரண்டாவது, ஒவ்வாமைக் கட்டம். பட்டியலுக்குக் கீழே கோதுமை, பால், முட்டை என்று கட்டம் போட்டிருப்பார்கள். அதில் பன்றி, மாடு, கோழி பெயர் இல்லாவிட்டால் நமக்கு ஆகும் என்று ஒரு யோசனை நம்மவர்களிடம் சுற்றுகிறது. நம்பாதீர்கள். கட்டாயமாகக் குறிக்க வேண்டியவை முட்டை, பால், கோதுமை, சோபா (பக்வீட் தானியம்), வேர்க்கடலை, இறால், நண்டு, அண்மையில் சேர்ந்த வால்நட் போன்றவைதான். பன்றி, மாடு, கோழி, ஜெலட்டின் எல்லாம் குறித்தால் நல்லது என்ற வகை. கட்சுவோ மீன் எந்த வகையிலும் இல்லை. நம்மூரில் மாசிக்கருவாடு போடும் அதே சூரை மீன்தான் கட்சுவோ. ஜப்பானியச் சமையலில் அது இறங்காத பாத்திரம் குறைவு. சாஸ், ஊறுகாய், அரிசி முறுக்கு, காய்கறிக் கூட்டு எதிலும் அதன் சாறு இருக்கும், ஒவ்வாமைக் கட்டத்தில் ஒரு எழுத்துகூட இருக்காது.

மூன்றாவது, கேட்கும் விதம். “நிகு இருக்கிறதா” என்று கேட்டால் கடைக்காரர் மனதில் வருவது இறைச்சித் துண்டு. மீன் தாஷி என்ற சாறோ கொழுப்போ நினைவுக்கே வராது. அதனால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கட்சுவோ தாஷி (சூரை மீன் சாறு), நிபோஷி (உலர்ந்த நெத்திலி), சிக்கின் எகிசு (கோழிச் சாறு), பொக்கு எகிசு (பன்றிச் சாறு), ராடோ (பன்றிக் கொழுப்பு), ஜெராச்சின் (ஜெலட்டின்). இன்னும் நல்லது, ஆபீஸில் ஒரு ஜப்பானிய நண்பரிடம் நாலு வரி எழுதி வாங்கி போனில் வைத்துக்கொள்வது: இறைச்சி, மீன், மீன் சாறு, விலங்குக் கொழுப்பு, ஜெலட்டின் எதுவும் சாப்பிட மாட்டோம்; பாலும் தயிரும் பரவாயில்லை. இதைக் காட்டினால் பொட்டலத்தைத் திருப்பிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துச் சொல்வார்கள். சந்தேகம் வந்தால் தயாரிப்பாளருக்கே போன் போட்டுக் கேட்ட கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அக்கறையில் குறை சொல்லவே முடியாது. கேள்வி சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்களே படிக்கப் பழக, சாறு என்று பொருள்படும் எகிசு என்ற சொல்லின் மூன்று கட்டகானா (ஜப்பானிய எழுத்து வகை) எழுத்தில் தொடங்குங்கள். முதல் எழுத்து, மேலும் கீழும் இரண்டு படுக்கைக் கோடு, நடுவில் ஒரு நேர்க்கோடு. அது கண்ணில் பட்டால் நின்று, அதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கொன்பு எகிசு என்றால் கடல்பாசிச் சாறு, தாராளமாக வாங்கலாம். மற்றவை பெரும்பாலும் மீன், கோழி, பன்றி. இன்னொன்று: ஒரு பொருளில் சேர்க்கும் கலவை மொத்த எடையில் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அந்தக் கலவைக்குள் என்னென்ன இருக்கிறது என்று விரித்து எழுத வேண்டியதில்லை. விரதம், நேர்த்தி என்று கறாராக இருப்பவர்கள் பட்டியல் குட்டையாக உள்ள பொருளை மட்டும் வாங்குவது உத்தமம். முஸ்லிம் நண்பர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். கூடவே மிரின், சாகே என்ற இரண்டு பெயரையும் தேட வேண்டும், இரண்டும் மது.

பயமுறுத்தியது போதும். நான் வாங்குவதைச் சொல்கிறேன்.

வகாயாமா கடையில் உமேபோஷி. உமே என்ற காயை உப்பிலிட்டு வெயிலில் காயவைப்பது. தயிர் சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இந்த நாட்டில் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. ஆனால் இங்கேயும் கட்சுவோ ஒளிந்திருக்கிறது. கட்சுவோ உமே என்றே ஒரு வகை உண்டு, பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கும். தேன் சேர்த்த தித்திப்பு வகையும் உண்டு. அது நம் நாக்குக்கு ஆகாது. உமே, உப்பு, சிவப்பு ஷிசோ இலை, இந்த மூன்று மட்டும் எழுதியதை எடுங்கள். முகம் சுளிக்கிற அளவு உப்பும் புளிப்பும் இருக்கும். ஒரு காய் ஒரு கிண்ணம் சாதத்துக்குக் காணும். அதே கடையில் கோயா மலைக் கோயில்களின் எள் தோஃபுவும் பாருங்கள். எள்ளும் குட்சு என்ற கிழங்கு மாவும் சேர்த்துக் கிளறுவது, சோயா இல்லை. கூட வைத்திருக்கும் சாஸ் பொட்டலத்தைத் தனியே படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒகினாவாச் சரக்கில் கொகுத்தோ. கரும்புச் சாறு காய்ச்சிய வெல்லமேதான். எட்டுத் தீவுகளில் செய்கிறார்கள், தீவுக்குத் தீவு ருசி மாறும். சேர்மானத்தில் கரும்பு மட்டும் இருக்க வேண்டும். வேறு சர்க்கரை கலந்ததும் விற்கிறார்கள், சர்க்கரைப் பொங்கல் வைத்தால் அந்த மணம் வராது. தை மாதக் குளிரில் நிஷி கசாய் பிளாட்டில் இந்த வெல்லம் கரைகிற வாசனை எழும்போது தொண்டை அடைக்கும். கோடையில் பாகற்காயும் ஒகினாவாவிலிருந்து வருகிறது. கோயா என்று பெயர், குண்டாக, கசப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும். பிட்லைக்கு நன்றாக வருகிறது.

நாகானோ கடையில் கான்தென். கீழக்கரை, காயல்பட்டினம் வீடுகளில் நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி இதுதான். இங்கே குச்சியாகவும் தூளாகவும் கிடைக்கும். யோகான் என்ற பயறு இனிப்பு இதில்தான் உறைகிறது, ஜெலட்டினில் இல்லை. சேர்மானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஊருக்குத் தைரியமாகக் கொண்டுபோகலாம். அங்கேயே ஓயாகி இருக்கும். மாவுக்குள் பூசணியோ கீரையோ வைத்து வேகவைத்துச் சுட்டது. பார்த்தால் சைவம் மாதிரியே தெரியும். கீரை வதக்கலில் பெரும்பாலும் கட்சுவோ. படித்த பிறகு எடுங்கள்.

வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் நான் செய்வது: ஹொக்கைடோ கடையில் கொன்பு, ஓய்தா ஊர் உலர்ந்த ஷீதாகே காளான், ககாவாவின் காய்ந்த உதோன் என்ற கோதுமை நூடுல்ஸ். உதோனில் கோதுமையும் உப்பும் தண்ணீரும்தான். கூடவே ஒட்டிவரும் சூப் பொட்டலத்தில் இரிகோ என்ற நெத்திலி இருக்கும். அதை ஜப்பானிய நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொன்பும் நாலு காளானும் போட்டு ராத்திரி பிரிட்ஜில் வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீர் வெளிர்மஞ்சளாக, லேசாகக் கொழகொழப்பாக இருக்கும். கொதிக்கும் முன் கொன்பை எடுத்துவிட்டுச் சோயா சாஸும் சிட்டிகைக் கொகுத்தோவும் சேர்த்தால் சூப் ஆயிற்று. மேலே தூவ நாகானோவின் ஏழு மசாலாத் தூள்: மிளகாய், எள், இஞ்சி, ஆரஞ்சுத் தோல், ஷிசோ, சணல் விதை, சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகு. சென்கோஜி கோயில் வாசலில் 1736 முதல் விற்கும் யவதயா இசோகோரோ கடையின் சிவப்பு டப்பா எளிதில் அடையாளம் தெரியும். காரம் குறைவு, மணம் அதிகம். திறந்தபின் ஜூன் மழைக்காலத்தில் வெளியே வைத்தால் மணம் போய்விடும். மூடியை அழுத்தி மூடிப் பிரிட்ஜ் கதவில் வையுங்கள்.