ஹெச்டிஆக்சஸ் கோப்பு: எந்த ஃபோல்டரில் வைப்பது, எப்படிச் சோதிப்பது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பண்ருட்டி முந்திரி விற்கும் ஒரு கடையின் இணையதளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்களெல்லாம் ‘பில்ஸ்’ ஃபோல்டரில் பிடிஎஃப்-ஆக ஏறுகின்றன. முகவரிக்குப் பின்னால் அந்தப் பெயரை அடித்தால் மொத்தப் பட்டியலும் திறந்துகொள்கிறது. பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில், அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளின் முதன்மை கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் கைவைக்க முடியாது. அங்கே கைகொடுப்பது ஹெச்டிஆக்சஸ் என்ற சிறிய அமைப்புக் கோப்பு. வைத்த ஃபோல்டரையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் அது ஆளும்.

பெயர் புள்ளியில் தொடங்க வேண்டும். நோட்பேட் கடைசியில் டிஎக்ஸ்டி ஒட்டிவிடும், பாருங்கள்.

முதலில், சர்வர் அதைப் படிக்கிறதா என்று சோதியுங்கள். அர்த்தமில்லாத ஒரு சொல்லை அதில் எழுதிச் சேமியுங்கள். 500 பிழை (சர்வர் கோளாறு) வந்தால் படிக்கிறது, உடனே அழித்துவிடுங்கள். பக்கம் வழக்கம்போல் வந்தால், இந்தக் கோப்பை அனுமதிக்கும் ‘அலவ்ஓவர்ரைடு’ அமைப்பு ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று இருக்கும். அப்பாச்சி 2.3.9 முதல் அதுதான் இயல்புநிலை. அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் சர்வராக இருந்தால் இந்தக் கோப்பை அது திரும்பியே பார்க்காது.

‘ஆப்ஷன்ஸ்’ என்று எழுதி, இடைவெளி விட்டு, மைனஸ் குறியோடு ‘இண்டெக்ஸஸ்’ சேர்த்தால் பட்டியல் மறையும். ஆனால் கோப்பின் பெயர் தெரிந்தவர் பில்லை இறக்கிவிடலாம். பலரும் இதோடு நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. பில்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு கோப்பு வைத்து ‘ரெக்வயர் ஆல் டினைடு’ என்று போடுங்கள், நேரடியாக யாரும் திறக்க முடியாது. லாகின் செய்த வாடிக்கையாளருக்கு, சர்வரில் ஓடும் பிஹெச்பி நிரல் வழியாக பில்லை எடுத்துக் கொடுங்கள். படம் ஏற்றும் ஃபோல்டரில், பெயரை வைத்துக் கோப்புகளைப் பிரிக்கும் ‘ஃபைல்ஸ்மேட்ச்’ போட்டு பிஹெச்பி கோப்புகளைத் தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் என்ற பெயரில் யாராவது நிரலை ஏற்றி ஓட்டிவிடுவார்கள்.

முகவரியை மாற்றி அனுப்பும் ரீரைட் விதிகள் மட்டும் வேறு மாதிரி. மேல் ஃபோல்டரில் ஹெச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பியிருப்பீர்கள். உள் ஃபோல்டரின் கோப்பில் ‘ரீரைட்எஞ்சின் ஆன்’ இருந்தால் மேலே உள்ள விதி அங்கே ஓடாது. ‘ரீரைட்ஆப்ஷன்ஸ் இன்ஹெரிட்’ சேருங்கள். விதியில் பொருத்திப் பார்க்கும் பாதையை சாய்கோட்டில் தொடங்காதீர்கள், பொருந்தாது. திருப்புவதை முதலில் 302-இல் (தற்காலிகத் திருப்பம்) சோதியுங்கள். 301-ஐ (நிரந்தரத் திருப்பம்) பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், தவறைத் திருத்தினாலும் பழைய இடத்துக்கே போகும்.

பிஹெச்பி அமைப்பை மாற்றும் ‘பிஹெச்பி வேல்யூ’ வரியால் 500 வந்தால், அங்கே பிஹெச்பி பெரும்பாலும் எஃப்பிஎம்-இல், அதாவது அப்பாச்சிக்கு வெளியே தனியாக, ஓடுகிறது. அந்த அமைப்பை, புள்ளியில் தொடங்கும் யூசர் ஐஎன்ஐ கோப்பில் எழுதுங்கள்; மாற்றம் தெரிய 5 நிமிடம் வரை ஆகும்.

முழுக் கட்டுப்பாடும் உங்களிடமே இருக்கும் சொந்த விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) என்றால் இதே வரிகளை முதன்மை கான்ஃபிக்கின் டைரக்டரி பகுதியில் எழுதி, ‘அலவ்ஓவர்ரைடு’ அமைப்பை ‘நன்’ ஆக்கிவிடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஃபோல்டர் ஃபோல்டராக இந்தக் கோப்பைத் தேடும் வேலை சர்வருக்கு மிச்சமாகும்.