டீச்சரம்மாவுக்கு வீட்டிலேயே பணம்

எங்கள் தெரு டீச்சரம்மாவுக்கு 83 வயது. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு வாசற்படி இறங்குவதில்லை. பென்ஷன் மாதாமாதம் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் பால்காரருக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் ரொக்கம்தான் வேண்டும். நான் வங்கி கேஷ் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் கேட்டார்: "கார்டைத் தர்றேன், நம்பரும் சொல்றேன், எடுத்துட்டு வந்துடேன்."

முடியாது என்றேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ஏடிஎம் கார்டின் பின் நம்பரை அடுத்தவரிடம் சொல்லியிருந்தால், பிறகு யாரோ திருடினாலும், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் வாடிக்கையாளரின் நஷ்டம். ரிசர்வ் வங்கியின் 2017 விதி அது. இன்னொன்று, வெளியூர் மகன் பாஸ்புக்கைப் பார்த்து "இந்த நாலாயிரம் எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டால் காட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது.

முதலில் அவருடைய கிளைக்குப் போய் 'டோர்ஸ்டெப் பேங்கிங்' வேண்டும் என்று கேளுங்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டிலேயே பணம் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கவுன்டரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம், மேனேஜரைப் பாருங்கள். கட்டணமும் உச்சவரம்பும் வங்கிக்கு வங்கி மாறும். காரியம் பெரும்பாலும் தடுக்கி விழுவது போன் நம்பரில்தான். கணக்கோடு இருப்பது காலமான கணவரின் நம்பராக இருக்கும்! அதை மாற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அடுத்து தபால்காரர். ஆதார் இணைத்த கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக அவர் வீட்டுக்கே வந்து ரேகை வாங்கிப் பணம் தருவார். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரைதான். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கலாம். விரலை வைக்கும் முன் திரையில் இருக்கும் தொகையை நீங்களும் படியுங்கள். இதே முறையில் பணம் தரும் வெளி ஏஜென்டுகளும் உண்டு. அவர்களில் யாராவது "சர்வர் போயிடுச்சு, இன்னொரு தடவை வைங்க" என்றால் உடனே வைக்க வேண்டாம். முதல் தடவையே பணம் கழிந்திருக்கிறதா என்று எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். ஏமாற்று வேலை நடப்பதே இந்த இடத்தில்தான். வேலை முடிந்ததும் ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். அடுத்த முறை ஆள் வரும்போது திறந்தால் போதும்.

இரண்டும் சரிப்படவில்லையா, செக் இருக்கவே இருக்கிறது. ஆனால் 'செல்ஃப்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட செக்கை வாங்கிக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். வழியில் தொலைந்தால், செக்கைக் கண்டெடுத்தவர் கைக்குப் பணம் போய்விடலாம். உங்கள் பெயரை எழுதி, செக்கில் இருக்கும் 'பேரர்' (கொண்டுவருபவர்) என்ற சொல்லை அடித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் பணம் தருவார்கள், பெயரும் பதிவில் நிற்கும். கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போனவர்களுக்கும் வழி உண்டு. கைநாட்டு வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.

"உன்னையும் கணக்குல சேர்த்துடறேன்" என்பார்கள். பிள்ளைகள் என்றால் சரி, நாம் வேண்டாம். பின்னால் வாரிசுகளோடு மல்லுக்கு நிற்க வேண்டிவரும்.

பணத்தை அவர் எதிரிலேயே எண்ணி, அவர் கையாலும் எண்ண வையுங்கள். ஐந்நூறாக வாங்காமல் நூறும் ஐம்பதுமாகக் கேட்டு வாங்குங்கள். சில்லறைக்காக யாரிடமும் நோட்டை நீட்ட வேண்டியிருக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, தொகை, அவர் கையெழுத்து. பணம் வரும் நாள் வேலைக்கு வருபவர்களுக்குத் தெரிய வேண்டாம். இரண்டு வாரச் செலவுக்கு மேல் வீட்டில் வைக்கவும் வேண்டாம்.

"பென்ஷன் நின்னுடும், ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது போனில் கேட்டால் பேசாமல் வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். தப்பித்தவறி சொல்லிவிட்டால், உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை அவர் போனுக்குப் பக்கத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியாயிற்று.