விண்டோஸ் தொடங்கும்போதே ஓடும் நிரல்களையும் சர்வீஸ்களையும் மொத்தமாக நிறுத்துவது எப்படி?

பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போன பிறகும் இரண்டு மூன்று நிமிடம் கணினி திணறிக்கொண்டே இருக்கிறதா? பின்னணியில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் எழுந்து டிஸ்க்குக்குப் போட்டி போடுவது இதற்குப் பொதுவான காரணம். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்டு டிஸ்க்கோடு ஓடும் கணினிகளில் இது இன்னும் மோசமாகத் தெரியும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதை எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு வேறுபாடு. ஸ்டார்ட்அப் நிரல் என்பது நீங்கள் லாகின் செய்த பிறகு எழுவது. சர்வீஸ் என்பது லாகின் திரை வருவதற்கு முன்பே, யார் உள்ளே வந்தாலும் வராவிட்டாலும் ஓடத் தொடங்குவது. ஸ்டார்ட்அப் நிரலைத் தவறாக நிறுத்திவிட்டால் அதை நீங்களே கையால் திறந்துகொள்ளலாம். சர்வீஸைத் தவறாக நிறுத்தினால் ஒலி, வைஃபை, பிரிண்டர் என்று எது வேண்டுமானாலும் போகலாம். அதனால் முன்னதில் தாராளமாகக் கை வையுங்கள், பின்னதில் நிதானமாகப் போங்கள்.

தொடங்கும் முன்

ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடித் திறந்து, ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். 'கிரியேட்' பொத்தான் மங்கலாக இருந்தால் சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' உள்ளே போய் சிஸ்டம் புரொடெக்ஷனை ஆன் செய்ய வேண்டும். தினமும் பின் எண் போட்டு நுழைபவர்கள் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது கெட்டு, விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் போக நேர்ந்தால் அங்கே பின் எண் வேலை செய்யாமல் போகலாம்.

எவ்வளவு நேரம் மிச்சமானது என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள், விண்டோஸே கணக்கு வைத்திருக்கிறது. விண்டோஸின் பதிவேடுகளைக் காட்டும் 'ஈவென்ட் வியூவர்' நிரலை ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து, அதில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று வரிசையாகத் திறங்கள். அங்கே 100 என்ற எண்ணுள்ள பதிவில் பூட் ஆக எடுத்த நேரம் மில்லி நொடியில் இருக்கும். 60000 என்றால் ஒரு நிமிடம். 101 தாமதப்படுத்திய நிரலையும் 103 தாமதப்படுத்திய சர்வீஸையும் பெயரோடு காட்டும். இதைக் குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஸ்டார்ட்அப் நிரல்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். தொடங்கும்போது 1 நொடிக்கு மேல் பிராசஸர் நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்துக்கொள்ளும் நிரலுக்குத்தான் 'ஹை' என்ற முத்திரை விழும். மேலிருந்து ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் நிறுத்தும் வசதி இங்கே இல்லை.

பாட்டு கேட்கும் செயலிகள், கேம் லாஞ்சர்கள், மீட்டிங் செயலிகள், அப்டேட் பார்க்கும் துணுக்குகள் எல்லாவற்றையும் யோசிக்காமல் நிறுத்தலாம். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ டிரைவர் சார்ந்தவற்றை விட்டுவிடுங்கள். நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. அழகி, என்ஹெச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இந்தப் பட்டியலில் இருக்கக்கூடும். அவற்றை நிறுத்திவிட்டு, 'தமிழ் வரவில்லை' என்று விசைப்பலகையைச் சந்தேகிக்காதீர்கள். ஜிஎஸ்டி, வருமான வரி வேலை நடக்கும் கணினியில் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான நிரலும் இருக்கலாம். அதையும் தொடாதீர்கள்.

சர்வீஸ்களை மொத்தமாக நிறுத்துதல்

1. ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தேடித் திறந்து 'சர்வீசஸ்' பகுதிக்குப் போங்கள்.
2. கீழே உள்ள 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள்.
3. மிஞ்சியிருக்கும் பட்டியலைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
4. 'டிசேபிள் ஆல்' கொடுங்கள். ஆன்டிவைரஸ், வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர் சர்வீஸ்களுக்கு மட்டும் டிக்கைத் திரும்பப் போடுங்கள்.
5. 'ஓகே' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டாம் படியைத் தவறவிட்டு நான்காம் படிக்குப் போவதுதான் இந்த வேலையிலேயே பெரிய ஆபத்து. விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் சேர்ந்து நின்று, பின் எண் கூட ஏற்காத கணினி உங்கள் கையில் இருக்கும். டிக் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பக்கத்திலிருக்கும் 'பூட்' பகுதியில், பிராசஸர் எண்ணிக்கை, மெமரி அளவு ஆகியவற்றை மாற்றினால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அவை சோதனைக்காக அளவைக் குறைக்கும் அமைப்புகள். கூட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஐந்தாம் படியில் ஷட் டவுன் போதாது. விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் நிலையில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படும். முழுதாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான். 'நிறுத்தியும் மாற்றமே இல்லை' என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே விடை.

கணினி இப்போது வேகமாக எழுந்தால் குற்றவாளி அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. அதைப் பிடிக்கப் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். 16 சர்வீஸ்களை நிறுத்தியிருந்தால் முதல் 8-ஐத் திரும்ப டிக் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். திணறல் வந்தால் அது இந்த எட்டில் ஒன்று, வராவிட்டால் மற்ற எட்டில் ஒன்று. பிறகு 4, 2, 1 என்று நான்கே ரீஸ்டார்ட்டில் ஆள் சிக்கிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பதினைந்து முறை வரை ஆகலாம்.

பிடித்த பிறகு சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் எல்லா டிக்கையும் திரும்பப் போட்டுவிடுங்கள். அது பழுதைக் கண்டுபிடிக்கும் கருவி, நிரந்தர அமைப்புக்கான இடம் அல்ல. நிரந்தர மாற்றத்தை 'சர்வீசஸ்' என்ற தனி நிரலில் செய்ய வேண்டும். அங்கே குற்றவாளியை இரட்டைச் சொடுக்கில் திறந்து 'ஸ்டார்ட்அப் டைப்' என்பதை 'மேனுவல்' ஆக்குங்கள். மேனுவல் என்றால் நீங்கள்தான் தொடங்கிவைக்க வேண்டும் என்று பொருளல்ல. அதைக் கேட்கும் நிரல் வந்தால் அப்போது எழும். 'டிசேபிள்டு' ஆக்கினால் எந்த நிரல் கேட்டாலும் எழாது, கேட்ட நிரலும் பிழை காட்டி நிற்கும். தினமும் தேவைதான், ஆனால் உடனே வேண்டாம் என்பவற்றுக்கு 'ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட்' பொருத்தம். மற்ற தானியங்கி சர்வீஸ்கள் தொடங்கி ஏறக்குறைய 2 நிமிடம் கழித்து எழும். டேலி கணக்கு மென்பொருளின் லைசென்ஸை மற்ற கணினிகளுக்குத் தரும் டேலி கேட்வே சர்வர் ஓடும் அலுவலகக் கணினியில் அதை இப்படித் தள்ளிப்போடாதீர்கள். காலையில் மற்ற கணினிகள் லைசென்ஸ் கிடைக்காமல் நிற்கக்கூடும்.

நிறுத்தியும் எழுந்துவருபவை

லாகின் செய்ததும் நேற்றுத் திறந்திருந்த செயலிகள் மறுபடி வந்தால், செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் போய் 'ரீஸ்டார்ட்டபிள் ஆப்ஸ்' அமைப்பை ஆஃப் செய்யுங்கள். எட்ஜ் பிரவுசருக்கு அதன் செட்டிங்ஸிலேயே 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்று தனி அமைப்பு உண்டு, அதையும் ஆஃப் செய்யுங்கள்.

குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் விண்டோஸ் வசதியான டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஒளிந்து எழுபவற்றைப் பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவியான ஆட்டோரன்ஸ் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறையுங்கள். மஞ்சள் வரி, கோப்பே இல்லாமல் மிஞ்சிப்போன பதிவு. இளஞ்சிவப்பு வரி, வெளியீட்டாளர் யாரென்று உறுதியாகாதது. அது வைரஸ் என்று அர்த்தமில்லை, ஆனால் விசாரிக்க வேண்டியது. டிக்கை எடுத்தால் பிறகு திரும்பப் போடலாம், 'டெலீட்' கொடுத்தால் திரும்பாது.

எல்லாம் சரியானதும் ஆட்டோரன்ஸில் 'ஃபைல்' மெனுவில் 'சேவ்' கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் அப்டேட் ஆகும்போது தங்கள் பதிவைத் தாங்களே மறுபடி சேர்த்துவிடும். ஓரிரு மாதம் கழித்து அதே மெனுவில் 'கம்பேர்' கொடுத்துச் சேமித்த கோப்பைக் காட்டினால், புதிதாகச் சேர்ந்தவை பச்சை நிறத்தில் தெரியும். அவற்றை மட்டும் பார்த்தால் போதும்.