பழம் சேர்த்த பீரைச் சுவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழம் சேர்த்த கைவினைப் பீர்கள் இன்று பல நாடுகளில் காய்ச்சப்படுகின்றன. ஆயினும் அவற்றை நிதானமாகச் சுவைத்துப் பழக விரும்புபவர் பெல்ஜியத்தின் க்ரீக்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பிரஸ்ஸல்ஸ் நகரிலும், அதற்குத் தென்மேற்கே பரந்திருக்கும் பயோட்டன்லாந்துப் பகுதியிலும் காய்ச்சப்படும் லாம்பிக் என்னும் பீரில் புளிப்புச் செர்ரியை ஊறவைத்தால் கிடைப்பது க்ரீக். ராஸ்பெர்ரியை ஊறவைத்தால் கிடைப்பது ஃப்ராம்ப்வாஸ். இவற்றை முதன்முறை அருந்துவோரில் பலர் முகம் சுளிக்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் பீரின் குறை காரணமல்ல, அதை அணுகும் விதமே காரணம்.

தவறுகளில் முதன்மையானது, பழம் என்றதும் இனிப்பை எதிர்பார்ப்பது. மரபான க்ரீக்கில் பழம் சேர்க்கப்படுவது இனிப்புக்காக அன்று. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர் மாதங்களில், பார்லி மால்ட்டும் முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை அகன்ற, ஆழம் குறைந்த தொட்டியில் இரவு முழுவதும் திறந்தே வைத்து ஆறவிடுவார்கள். ஈஸ்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரப் பீப்பாய்களிலும் இருக்கும் நுண்ணுயிர்களே அதை நொதிக்கச் செய்கின்றன. இப்படிப் பல மாதங்கள் ஓக் பீப்பாயில் கிடந்த லாம்பிக்கில், லிட்டருக்கு 200 முதல் 400 கிராம் வரை செர்ரியைக் கொட்டையோடு சேர்க்கும்போது, பழத்தின் சர்க்கரை முழுவதையும் அதே நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. எஞ்சுவது பழத்தின் அமிலம், நிறம், மணம், தோலின் துவர்ப்பு ஆகியவையே. ஆகவே நல்ல க்ரீக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி, அது செர்ரிச் சாற்றைப் போல இருக்கிறதா என்பதன்று. சர்க்கரை நீங்கிய செர்ரியும் முதிர்ந்த லாம்பிக்கும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றனவா என்பதே.

இதே எதிர்பார்ப்பிலிருந்து இன்னொரு பிழையான தீர்ப்பும் பிறக்கிறது. க்ரீக்கில் பாதாம் பருப்பின் மணம் எழுவதைக் கண்டு எசன்ஸ் கலந்திருக்கிறார்கள் என்று சிலர் ஐயப்படுவார்கள். அது செர்ரியின் கொட்டையிலிருந்து வரும் பென்சால்டிஹைடின் மணம். பழம் மாதக்கணக்கில் கொட்டையோடு ஊறியிருக்கிறது என்பதற்கு அதுவே ஒரு சான்று.

இனிப்பான க்ரீக்கே கிடையாது என்று இதற்குப் பொருளில்லை. வ்லேசன்பேக் கிராமத்தின் லின்டமன்ஸ் நிறுவனம் செர்ரிச் சாறு சேர்த்து, சுமார் 3.5 சதவீத ஆல்கஹாலோடு விற்கும் க்ரீக் உலகெங்கும் அறியப்பட்டது, இனிப்பானது. அதே நிறுவனம் இனிப்பில்லாத மரபு வகையையும் காய்ச்சுகிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது இருவகைக்கும் இழைக்கும் அநீதி. லேபிளில் ‘அவுடே க்ரீக்’ என்று இருந்தால் அது மரபு வகை. இந்தப் பெயருக்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தச் சொல் இல்லாத எல்லாமே இனிப்பு என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட்டில் இன்றும் இயங்கும் கான்டியோன் ஆலையின் க்ரீக்கும், ராஸ்பெர்ரி சேர்த்த ரோஸே டி காம்ப்ரினஸும் துளியும் இனிப்பற்றவை.

புளிப்பைக் கெட்டுப்போனதன் அடையாளமாகக் கொள்வது அடுத்த தவறு. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலமே லாம்பிக்கின் புளிப்புக்கும் முதன்மைக் காரணம் என்பதால், நம் நாக்குக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. அதோடு பிரெட்டானோமைசிஸ் என்னும் ஈஸ்டு தரும் தோல், வைக்கோல், குதிரைக் கொட்டில் போன்ற மணங்களும் சேர்ந்துவரும். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய நீல்ஸ் ஹெல்டெ கிளாவ்சன் 1904இல் பெயரிட்டு விவரித்த ஈஸ்டு இது. சாதாரண பீரில் இது தலைகாட்டினால் குறை, லாம்பிக்கிலோ இது இல்லாவிட்டால்தான் குறை. எனினும், விநோதமான மணம் எல்லாவற்றையும் மரபு என்று சொல்லி ஏற்றுக்கொள்வது எதிர்த்திசையில் செய்யும் தவறாகும். தொண்டையை எரிக்கும் வினிகர்த் தன்மை, மூக்கில் ஏறும் நெயில் பாலிஷ் மணம், பழத்தை முற்றிலும் மூடிவிடும் ஈர அட்டையின் பூஞ்சை வாடை ஆகியவை உண்மையான குறைகள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் தக்கையிலிருந்து வருவது. விலை உயர்ந்த புட்டி என்பதற்காக அதைப் பாராட்டிப் பேச வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

குளிர்ச்சியைப் பொறுத்தவரை, நம்மூரில் பீர் என்றாலே சில்லென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 4 டிகிரி செல்சியஸில் மரபு க்ரீக்கை ஊற்றினால் மணம் அடங்கிப்போய், புளிப்பும் துவர்ப்பும் மட்டுமே முன்னால் வந்து நிற்கும். 10 அல்லது 12 டிகிரி அளவில் பழத்தின் மணம் விரிவதைக் காணலாம். இனிப்பு வகையை மட்டும் அதைவிடக் குளிராகப் பரிமாறலாம், இல்லையேல் திகட்டிவிடும்.

புட்டியைக் கையாளுவதிலும் அவசரம் கூடாது. மரபு க்ரீக் புட்டிக்குள்ளும் நொதிப்பதால் அடியில் ஈஸ்டு படிந்திருக்கும். படுக்கையாக வைத்திருந்த புட்டியை அப்படியே தூக்கிக் குலுக்கித் திறந்தால் நுரை பொங்குவதோடு வண்டலும் கலங்கும். முந்தைய நாளே நிமிர்த்தி வைத்துவிடலாம், அல்லது பிரஸ்ஸல்ஸ் விடுதிகளில் செய்வதைப் போலச் சிறு கூடையில் சாய்த்தபடியே மெல்ல ஊற்றலாம். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பு வாடையோ இல்லாத, வாய் குவிந்த கண்ணாடிக் கோப்பை போதுமானது. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் இருந்தால்தான் மணத்துக்கு இடமிருக்கும். இளஞ்சிவப்பு நுரை விரைவாக அடங்கிவிடுவதைக் குறையாக எண்ண வேண்டாம்.

முதல் மடக்கை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. புளிப்புப் பழகாத வாய்க்கு முதல் மடக்கு அதிர்ச்சியை மட்டுமே தரும். எச்சில் ஊறி, நாக்கு அமிலத்துக்குப் பழகிய பின்னர், இரண்டாவது அல்லது மூன்றாவது மடக்கில்தான் பழமும் மரமும் பிரிந்து தெரியத் தொடங்கும். விழுங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விட்டால், முகர்ந்தபோது பிடிபடாத மணங்களும் அகப்படும்.

பலவற்றைச் சுவைப்பதாக இருந்தால் வரிசையும் முக்கியம். இனிப்பானதை முதலில் அருந்திவிட்டால் பின்வரும் இனிப்பற்றது வெறும் அமிலமாகவே படும். பழம் சேராத லாம்பிக்கையோ, 1, 2, 3 ஆண்டு முதிர்ந்த லாம்பிக்குகளைக் கலந்து செய்யும் கூஸையோ முதலில் சுவைத்துவிட்டு க்ரீக்கிற்கு வந்தால், பழம் எதைச் சேர்த்திருக்கிறது என்பது தெளிவாக விளங்கும். இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும். மிளகாய்க் காரம் ஏறிய சைடிஷ்ஷை அருகிலேயே வைக்கக் கூடாது; காரமும் அமிலமும் சேர்ந்தால் எரிச்சல் மட்டுமே எஞ்சும். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் லாம்பிக்கோடு உண்பது ரொட்டியில் தடவிய மென்மையான புதுப் பாலாடைக் கட்டியும் முள்ளங்கியும்தான்.

வயதைப் பற்றிய தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. கூஸைப் பல ஆண்டுகள் நிலவறையில் வைத்து முதிரவிடுவதைக் கேள்விப்பட்டவர்கள், பழப் பீரையும் அப்படியே சேமித்துவைக்கிறார்கள். பீர் உயிரோடிருக்கும், பழம் மங்கிப்போகும். சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும். ராஸ்பெர்ரியின் மணம் செர்ரியினுடையதைவிட விரைவில் விடைபெறும். ஆகவே பழத்தைச் சுவைப்பதே நோக்கமென்றால், புட்டியில் அடைத்த தேதியைப் பார்த்துப் புதியதை வாங்குவதே சரி. வாங்கியதை வெயிலோ விளக்கொளியோ படும் அலமாரியில் வைப்பது அதைக் கெடுப்பதற்கான நேர்வழி.

பழம் இருப்பதால் உடலுக்கு நல்லது என்ற எண்ணத்துக்கு அடிப்படையே இல்லை. மரபு க்ரீக்கில் ஆல்கஹால் பொதுவாக 5 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். புளிப்பு அதை மறைத்துவிடுவதால் கணக்குத் தவறுவது எளிது. கோதுமையும் பார்லியும் சேர்வதால் குளூட்டன் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே கூடாது. வெறும் வயிற்றில் இவ்வளவு அமிலம் இறங்குவதும் நல்லதன்று. பயோட்டன்லாந்தின் ஆலைகள் கிராமங்களில் சிதறிக் கிடப்பதால் காரில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ஆசை எழலாம். பெல்ஜியத்தில் ஓட்டுநரின் ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலைகள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் டூர் டி கூஸ் நாட்களில் பேருந்துகள் விடப்படுகின்றன. மற்ற நாட்களில் அருந்தாத ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.