ஜூடோ வகுப்பில் முதல் நாள்: எப்படிக் குனிவது, யாருக்குக் குனிவது

ஜூடோவில் முதலில் விழக் கற்றுக்கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, குனிவது. ஜப்பானியத்தில் 'ரே' என்பார்கள்.

பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "சாமி கும்பிடணுமா?" என்று கேட்பதுண்டு. அந்தப் படத்தில் இருப்பவர் கானோ ஜிகோரோ. 1882இல் டோக்கியோவில் கொடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கியவர், தொழிலால் பள்ளி ஆசிரியர். ஜப்பானில் கடைக்காரர்கூட வாடிக்கையாளருக்குக் குனிகிறார். இதுவும் அந்த மரியாதைதான். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 1: வாசல். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே நுழையும்போது ஒருமுறை குனியுங்கள். பாயில் கால் வைக்கும் முன் இன்னொரு முறை. அவ்வளவுதான்.

படி 2: நின்றபடி குனிவது. குதிகால்கள் சேர்ந்திருக்கட்டும். தொடைப் பக்கத்தில் இருக்கும் கைகள் முன்பக்கமாக வழுக்கி முழங்காலுக்குச் சற்று மேலே வரட்டும். முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து 30 டிகிரி அளவுக்குச் சாயுங்கள். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் போதும். சினிமாவில் வருவதுபோல எதிராளியை முறைத்துக்கொண்டே குனிய வேண்டாம், பார்வை தானாகத் தரைக்கு இறங்கட்டும்.

படி 3: மண்டியிட்டுக் குனிவது. இடது முழங்கால் முதலில், பிறகு வலது. கால் கட்டைவிரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் குதிகால்மேல் உட்காருங்கள். முழங்கால்களுக்கு நடுவே இரண்டு முஷ்டி இடைவெளி. இரு கைகளையும் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் பாயில் ஊன்றிக் குனியுங்கள். நெற்றி பாயைத் தொடக்கூடாது, பின்புறம் குதிகாலைவிட்டு எழும்பக்கூடாது. புதியவர்கள் எல்லோரும் தவறுவது இந்த இரண்டாவதில்தான்.

படி 4: வரிசையில். "ஷோமென் நி ரே" என்றால் படம் இருக்கும் முன்பக்கத்துக்கு. "சென்சே நி ரே" என்றால் ஆசிரியருக்கு. அவரும் அதே அளவு திருப்பிக் குனிவார். பெரியவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

படி 5: ஜோடிக்கு. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். முதல் மாதம் நான் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நேரே காலரைப் பிடிக்கப் போவேன். ஒருநாள் எதிரே நின்ற சீனியர் அண்ணன் கையைக் கொடுக்கவே இல்லை. சும்மா நின்றார். நான் திரும்பப் போய் ஒழுங்காகக் குனிந்த பிறகுதான் பயிற்சி தொடங்கியது.

அவர் அன்றைக்கு இருபது தடவை எனக்காக விழுந்து எழுந்தார். நான் எறியும் முறையைப் பழக அவர் உடம்பைக் கடன் கொடுக்கிறார். அதை நான் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எறியும்போது அவர் சட்டைக் கையை விடாமல் மேலே இழுத்துப் பிடித்தால்தான் அவர் தலையோ தோளோ தரையில் மோதாது. குனியும்போது ஒத்துக்கொள்வது இதைத்தான். கானோ இதை 'ஜிதா கியோயே' என்றார், நீயும் நானும் சேர்ந்து வளர்வது. அவசரமாகக் குனிகிறவர் எறிவதும் அவசரமாகத்தான் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

படி 6: முடிவில். தோற்றாலும் ஜெயித்தாலும் உடையைச் சரிசெய்து, பெல்ட்டை இறுக்கி, திரும்பக் குனிய வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றது. எடை வரம்பில்லாத பிரிவின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க், ஜப்பானின் கமினாகாவை அவர் சொந்த மண்ணிலேயே அமுக்கிப் பிடித்து வென்றார். குதூகலத்தில் பாயை நோக்கி ஓடிவந்த தன் நாட்டுக்காரர்களை, கையை உயர்த்தி அங்கேயே நிறுத்தினார். இன்னும் குனியவில்லையே!

மண்டியிட்ட நிலையிலிருந்து எழும்போது வலது கால் முதலில். கால் மரத்துப்போயிருந்தால் உடனே எழாதீர்கள். விரல்களை மடித்து ஊன்றி, ரத்தம் ஓடும்வரை பொறுங்கள். முதல் வாரம் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.